‘பார்டர்’ படம்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு ஆகஸ்ட் 15-க்கும் ஜனவரி 26-க்கும் ஏதாவது ஓர் இந்திச் சேனலில் ‘பார்டர்’ ஓடும். விளம்பர இடைவேளையில் எனக்குப் போன் வரும். சில வருடங்களுக்கு முன் ராஜஸ்தானில் ஜெய்சல்மேர் போனபோது, படத்தில் வரும் சண்டை நடந்த லோங்கேவாலாவில் ஒரு பழைய டாங்கிக்குப் பக்கத்தில் நின்று எடுத்த போட்டோவைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். நான் செய்த தப்பு அதுதான். அன்றிலிருந்து அந்தப் படத்துக்கும் அந்தச் சண்டைக்கும் நானே விசாரணை கவுன்ட்டர் ஆகிவிட்டேன். கேட்கிற ஆள் மாறுகிறாரே தவிர கேள்வி மாறுவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி வைக்கிறேன். படத்தை இன்னும் பார்க்காதவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: யார் சாகிறார், யார் பிழைக்கிறார் என்பதெல்லாம் கீழே வரும்.

எந்தப் படம் அது? சன்னி தியோல் கத்திக்கிட்டே இருப்பாரே, அதுவா?

அதேதான். 1997 ஜூன் 13 அன்று வெளியான இந்திப் படம். கதை, தயாரிப்பு, இயக்கம் மூன்றும் ஜே.பி. தத்தா. வசனம் அவருடைய அப்பா ஓ.பி. தத்தா. இசை அனு மாலிக், பாடல்கள் ஜாவேத் அக்தர். சன்னி தியோல், ஜாக்கி ஷெராஃப், சுனில் ஷெட்டி, அக்‌ஷய் கன்னா, புனீத் இஸ்ஸார், சுதேஷ் பெர்ரி, குல்பூஷன் கர்பந்தா என்று ஒரு பட்டாளமே உண்டு. பெண்களில் ராக்கி, தபு, பூஜா பட், ஷர்பானி முகர்ஜி. ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஓடும்.

‘இரண்டரைக் கிலோ கை’ வசனம் எந்த இடத்தில் வரும் என்று காத்திருக்க வேண்டாம். அது 1993-இல் வந்த ‘தாமினி’. இந்தப் படத்தில் சன்னியின் கைக்கு வேறு வேலை இருக்கிறது.

கதையைச் சுருக்கமாச் சொல்லு, மூணு மணி நேரமெல்லாம் முடியாது.

1971 டிசம்பர், ராஜஸ்தான் பாலைவனம். எல்லைக்குப் பக்கத்தில் லோங்கேவாலா என்ற போஸ்ட்டில் மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரியின் தலைமையில் ஒரு கம்பெனி இருக்கிறது. சுமார் 120 பேர். ஓர் இரவில் பாகிஸ்தானின் டாங்கிப் படை அங்கே வந்து நிற்கிறது. விடியும்வரை விமான உதவி கிடையாது. அதுவரை தாக்குப்பிடிக்க வேண்டும். அவ்வளவுதான் கதை.

ஆனால் படத்தின் முன்பாதி முழுக்க வீடுதான். முதலிரவன்று அழைப்பு வந்து கிளம்புகிறவன், கண் தெரியாத அம்மாவை விட்டுவிட்டு வருகிற இளம் அதிகாரி, கணவனை எப்படியாவது இடமாற்றம் செய்துவிடப் பார்க்கிற மேஜரின் மனைவி என்று ஒவ்வொருவரும் எதை விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுமையாகச் சொல்லிவிட்டுத்தான் முதல் குண்டு வெடிக்கிறது. “இழுவை” என்று ரிமோட்டை எடுக்கிறவர்கள் எல்லோரும் இந்தப் பகுதியில்தான் எடுக்கிறார்கள். எனக்குப் படத்தில் பிடித்ததே இந்தப் பகுதிதான்.

இது நிஜமா நடந்ததா, இல்லை சினிமாவுக்கு எழுதினதா?

நிஜமாக நடந்தது. 1971 டிசம்பர் 3 மாலை பாகிஸ்தான் விமானங்கள் இந்தியாவின் மேற்குப் பகுதி விமானதளங்களைத் தாக்க, போர் முழு அளவில் தொடங்கியது. அடுத்த நாள் இரவு, டிசம்பர் 4-க்கும் 5-க்கும் இடையில், லோங்கேவாலா சண்டை நடந்தது. டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. மொத்தப் போரே 13 நாள்தான்.

போஸ்ட்டில் இருந்தது பஞ்சாப் ரெஜிமென்ட்டின் 23-ஆவது பட்டாலியனைச் சேர்ந்த ‘ஏ’ கம்பெனியும், எல்லைப் பாதுகாப்புப் படையின் ஒரு சிறு ஒட்டகக் குழுவும். மேஜர் சாந்த்புரி உண்மையான ஆள், உண்மையான பெயர். எதிரே வந்தது 2,000 பேருக்கு மேல், நாற்பதுக்கும் அதிகமான டாங்கிகள். அன்றைக்கு இந்திய ராணுவமே அந்தப் பகுதியிலிருந்து பாகிஸ்தானின் ரஹீம் யார் கான் நகரத்துப் பக்கம் முன்னேறத் திட்டமிட்டிருந்தது. இங்கே ஒரு பெரும்படை வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அவ்வளவு சின்னப் படை அங்கே இருந்ததற்குக் காரணம் அதுதான்.

120 பேர் 2,000 பேரையும் டாங்கியையும் நிறுத்தினாங்கன்னா நம்புற மாதிரியா இருக்கு?

வீரம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் வீரம் மட்டும் என்றால் நானும் நம்பமாட்டேன். மண்ணும் இருட்டும் சேர்ந்துகொண்டன.

முதல் விஷயம், சத்தம். லெப்டினன்ட் தரம் வீர் தலைமையில் எல்லைத்தூண் பக்கம் ரோந்து போனவர்கள், நிலா வெளிச்சத்தில் டாங்கிகள் உறுமுகிற சத்தத்தைக் கேட்டுத் தகவல் அனுப்பினார்கள். பாலைவனத்தில் ராத்திரி சத்தம் வெகுதூரம் போகும். சாந்த்புரி மேலிடத்தைக் கேட்டபோது, இருந்து போராடலாம் அல்லது ராம்கட்டுக்குப் பின்வாங்கலாம், முடிவு உங்களுடையது என்ற மாதிரியான பதில்தான் வந்தது. அவரிடம் வண்டிகள் அதிகம் இல்லை. மணலில் நடந்து பின்வாங்கினால் டாங்கி துரத்திப் பிடித்துவிடும். போஸ்ட்டோ மேட்டின்மேல், முள்வேலிக்குள் இருந்தது. இருப்பதே மேல் என்று முடிவெடுத்தார்.

இரண்டாவது, மணல். கடினத் தரை என்று நினைத்துப் பாதையை விட்டு இறங்கிய டாங்கிகள் மணலில் புதைந்தன. லோங்கேவாலாவில் தார் ரோட்டிலிருந்து பத்தடி இறங்கிப் பார்த்தால் இது புரியும். என் செருப்பே கணுக்கால்வரை உள்ளே போனது. அதன்மேல் முப்பத்தைந்து டன் இரும்பு எப்படி ஏறும்?

மூன்றாவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது: முள்வேலி. பாகிஸ்தான் காலாட்படை வேலியைப் பார்த்ததும் அங்கே கண்ணிவெடி புதைத்திருக்கிறார்கள் என்று நினைத்து நின்றுவிட்டது. வெடி தேடுகிறவர்கள் வந்து, துழாவிப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று சொல்வதற்குள் பொன்னான நேரம் போய்விட்டது. இதற்கிடையில் டாங்கிகளின்மேல் கட்டியிருந்த உபரி எரிபொருள் பீப்பாய்கள் குண்டுபட்டு எரிய ஆரம்பித்தன. மேட்டின்மேல் இருந்தவர்களுக்கு அந்த வெளிச்சத்தில் இலக்கு தெரிந்தது. கீழே இருந்தவர்களுக்குப் புகைதான். டாங்கி எதிர்ப்பு ஆயுதம் வைத்திருந்தவர்களும் பதினைந்து, முப்பது மீட்டர் நெருங்கும்வரை பொறுத்திருந்து சுட்டார்கள். கையில் இருந்ததோ ஜீப்பில் பொருத்திய ஆர்.சி.எல். என்ற டாங்கி எதிர்ப்புப் பீரங்கி, கொஞ்சம் மோர்ட்டார், இயந்திரத் துப்பாக்கி, டாங்கிகளுக்காக அவசரத்தில் போட்ட சில கண்ணிவெடிகள். அவ்வளவுதான்.

படம் இந்த மூன்றில் முதலாவதை நன்றாகக் காட்டுகிறது. வேலி விஷயத்துக்கு வேண்டிய நேரம் கொடுக்கவில்லை. வேலி முன்னால் ஒரு படை தயங்கி நிற்பது சினிமாவுக்குச் சுவையாக இருக்காது என்று நினைத்திருப்பார்கள்போல.

விமானப்படை ஏன் ராத்திரியே வரலை? படத்துல ஜாக்கி ஷெராஃப் சும்மா உட்கார்ந்திருக்காரே!

அவர் மேல் கோபப்படுவதில் அர்த்தமில்லை. ஜெய்சல்மேர் தளத்தில் இருந்தவை ஹண்டர் விமானங்கள், அதுவும் ஒரு கைவிரலில் எண்ணக்கூடிய அளவு. இருட்டில் தரையிலுள்ள இலக்கைப் பார்த்துத் தாக்கும் கருவி அவற்றில் கிடையாது. பாலைவனத்தில் ராத்திரி தன் படை எது, எதிரிப் படை எது என்றே தெரியாது. கிழக்கு வெளுத்ததும் கிளம்பினார்கள்.

அப்புறம் நடந்தது ஒருபக்கச் சண்டை. திறந்தவெளி மணலில், மேலே மறைப்பு இல்லாமல், பாதி புதைந்து நிற்கும் டாங்கிகள். பாகிஸ்தான் விமானப்படையின் துணை அவர்களுக்கு வரவில்லை. சிறிய கிரிஷக் விமானம் ஒன்று மேலே சுற்றி இலக்கு காட்ட, ஹண்டர்கள் ராக்கெட்டும் பீரங்கிக் குண்டுமாக அடித்தன. தப்பிக்கப் பார்த்து மணலில் வட்டமடித்த டாங்கிகளின் தடங்கள் வானிலிருந்து எடுத்த போட்டோக்களில் கோலம் மாதிரித் தெரியும். ஜாக்கி ஷெராஃபின் பாத்திரம், அன்று ஜெய்சல்மேர் தளத்துக்குப் பொறுப்பாக இருந்த விங் கமாண்டர் எம்.எஸ். பாவாவை வைத்து எழுதியது. படத்தில் பெயரைப் பாஜ்வா என்று மாற்றிவிட்டார்கள்.

நம்ம பக்கம் எத்தனை பேர் இறந்தாங்க? படத்துல பாதிப் பேர் போயிடுறாங்களே.

இரண்டு பேர். தட்டச்சுப் பிழை இல்லை. எதிர்ப்பக்கம் இறந்தவர்கள் சுமார் 200, அழிந்ததும் விட்டுவிட்டுப் போனதுமாக 36 டாங்கிகள், அதற்கு மேல் நூற்றுக்கணக்கான வண்டிகள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

படத்துக்கும் உண்மைக்கும் உள்ள பெரிய இடைவெளி இதுதான். சுனில் ஷெட்டி, அக்‌ஷய் கன்னா, சுதேஷ் பெர்ரி, புனீத் இஸ்ஸார் என்று வரிசையாக ஆட்களைச் சாகடித்து நம்மை அழவைக்கிறார் தத்தா. நிஜத்தில் ஆச்சரியமே அவர்கள் சாகாததுதான். அத்தனை டாங்கிகளை எதிர்கொண்ட ஒரு கம்பெனி காலையில் ஏறக்குறைய முழுசாக எழுந்து நின்றது! தியாகம் என்றால் மரணம் என்று சினிமா பழகிவிட்டது. தன் ஆட்களை உயிரோடு வைத்திருந்த தலைவனைக் காட்ட அதற்குத் தெரியவில்லை. படத்தின்மேல் எனக்கிருக்கும் ஒரே பெரிய மனத்தாங்கல் இது.

சுனில் ஷெட்டி நடிச்ச ஆள் நிஜத்துல உயிரோட இருந்தாராமே, உண்மையா?

உண்மை. பைரோன் சிங் ராத்தோர், ஜோத்பூர் மாவட்டத்துக்காரர். எல்லைப் பாதுகாப்புப் படையில் லான்ஸ் நாயக்காக இருந்தார். அன்று இரவு இயந்திரத் துப்பாக்கியைப் பிடித்துச் சண்டை போட்டார், 1972-இல் சேனா பதக்கம் வாங்கினார், 1987-இல் ஓய்வு பெற்றார். தான் செத்துப்போவதைத் திரையில் காட்டிய படம் வந்து இருபத்தைந்து வருடம் கழித்து, 2022 டிசம்பரில் ஜோத்பூரில் இறந்தார். வயது 81.

எல்லைப் பாதுகாப்புப் படை தனி அமைப்பு, ராணுவத்தின் பகுதி இல்லை. 1965 டிசம்பரில்தான் தொடங்கப்பட்டது. போர்க்காலத்தில் ராணுவத்தோடு சேர்ந்து நிற்பார்கள். பாலைவனத்தில் அவர்களுக்கு ஒட்டகம்தான் வாகனம். சண்டை தொடங்கி முதலில் விழுந்த பாகிஸ்தான் குண்டுகளில் அவர்களின் பத்து ஒட்டகங்களில் ஐந்து செத்தன. படத்தில் யாரும் இதற்கு அழுவதில்லை.

அப்போ அக்‌ஷய் கன்னா? அவர் சாகும்போது எங்க அம்மா டிவியையே அணைச்சிட்டாங்க.

அம்மாவிடம் மறுபடி போடச் சொல்லுங்கள். ரோந்தில் டாங்கிச் சத்தம் கேட்டுத் தகவல் சொன்னவர் என்று மேலே சொன்னேனே, அந்தத் தரம் வீர்தான் அக்‌ஷய் கன்னாவின் பாத்திரத்துக்கு அடிப்படை. அவரும் பிழைத்தார், கர்னலாக ஓய்வு பெற்றார், 2022-இல்தான் காலமானார்.

படத்தில் அந்த இளைஞனுக்கு ஒரு வளர்ச்சி வைத்திருக்கிறார்கள். பிடிபட்ட ஒருவனைச் சுடச் சொல்லும்போது கை வராமல் நிற்பான். பிறகு போர் அவனை மாற்றும். அக்‌ஷய் கன்னா அன்றைக்குப் புதுமுகம் மாதிரிதான். சுற்றிலும் எல்லோரும் உரக்கப் பேசும் படத்தில் இவர் கண்ணாலேயே வேலையை முடித்திருப்பார்.

மேஜர் சாந்த்புரிக்குப் பரம்வீர் சக்ரா கொடுத்தாங்க, இல்லையா?

இல்லை, மகாவீர் சக்ரா. வீர விருது வரிசையில் பரம்வீருக்கு அடுத்தது. 1971 போருக்குப் பரம்வீர் சக்ரா பெற்றவர்கள் நால்வர்: ஆல்பர்ட் எக்கா, நிர்மல் ஜித் சிங் செகோன், அருண் கேத்தர்பால், ஹோஷியார் சிங். சாந்த்புரி பிரிகேடியராக ஓய்வு பெற்று, 2018 நவம்பரில் மொகாலியில் காலமானார். படம் பார்த்த பலர் அவர் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

“காலை டிபன் அங்கே, மதியச் சாப்பாடு இங்கே”ன்னு பாகிஸ்தான்காரங்க பேசிக்கிட்டது நிஜமா?

நிஜமோ இல்லையோ, எல்லோரும் சொல்கிறார்கள். ஊர்ப் பெயர் மட்டும் சொல்பவரைப் பொறுத்து மாறும். ஒருவர் டிபனை லோங்கேவாலாவில் வைப்பார், இன்னொருவர் ஜெய்சல்மேரில் வைப்பார், இன்னும் உற்சாகமானவர் ராத்திரிச் சாப்பாட்டை டில்லிக்கே கொண்டுபோய்விடுவார். வேகமாக உள்ளே புகுந்து ஜெய்சல்மேரைப் பிடிப்பது திட்டம் என்பது மட்டும் உண்மை. திட்டம் கெட்டதற்குப் பொறுப்பாக்கி தாக்க வந்த டிவிஷனின் தளபதியைப் பாகிஸ்தான் பதவியிலிருந்து தூக்கியது.

படத்துல கோயில்ல விழுந்த குண்டு வெடிக்கலைங்கிறது சினிமாவுக்காகத்தானே?

கோயில் உண்மை. தனோட் மாதா கோயில், லோங்கேவாலாவிலிருந்து வண்டியில் போய்விடலாம். 1965 போரில் அதைச் சுற்றி விழுந்த குண்டுகள் வெடிக்கவில்லை என்பது அந்தப் பக்கத்து மக்களின் நம்பிக்கை. வெடிக்காத குண்டுகளை இன்றும் கோயிலுக்குள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். பூசை முதல் பராமரிப்புவரை பார்த்துக்கொள்வது எல்லைப் பாதுகாப்புப் படை. ஆரத்தித் தட்டை ஒரு ஜவான் நீட்டுவதைப் பார்ப்பது புது அனுபவம்தான்.

மணலில் விழும் குண்டு சில நேரம் வெடிக்காமல் புதைந்துவிடும் என்று ஒரு விளக்கமும் சொல்வார்கள். அதைக் கோயில் வாசலில் நின்று சொல்ல வேண்டாம்.

மதுரா தாஸ் சீன்ல அந்த ஆளோட பொண்டாட்டிக்குக் கேன்சர். லீவு கிடைச்சதுக்குச் சந்தோஷப்பட்டா மேஜர் ஏன் அப்படித் திட்டணும்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் எல்லோரும் பெண்கள். ஆண்கள் யாரும் இதுவரை கேட்டதில்லை.

காட்சி இதுதான். சுதேஷ் பெர்ரி நடித்த மதுரா தாஸுக்கு வீட்டில் மனைவிக்கு உடம்பு சரியில்லை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. லீவு கிடைக்கிறது. போர் வரப்போகும் நேரத்தில், போக முடியாத மற்றவர்களுக்கு நடுவே அவர் வாய்விட்டுக் கொண்டாடுகிறார். சன்னி தியோல் அவரைக் கூப்பிட்டு, போ, ஆனால் இவர்கள் முன்னால் ஆடாதே, பிரச்சினை இல்லாத வீடு எது என்ற பொருளில் குரலை உயர்த்திக்கொண்டே போவார். தியேட்டர் கைதட்டும். கடைசியில் மதுரா தாஸ் சண்டைக்கே திரும்பி வந்துவிடுவார்.

மேஜர் லீவை ரத்து செய்யவில்லை, கொண்டாட்டத்தைத்தான் கண்டிக்கிறார். அதுவரை சரி. ஆனால் திரைக்கதை அதோடு நிற்கவில்லை. வீட்டுக்குப் போயிருக்க வேண்டிய ஆளைத் திரும்பக் கொண்டுவந்து சாகடிக்கிறது. அந்த மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என்ன ஆயிற்று என்று படம் திரும்பிப் பார்ப்பதே இல்லை. கைதட்டுகிற நேரத்தில் எனக்கும் இது தோன்றியதில்லை. அக்கா கேட்ட பிறகுதான் உறைத்தது.

ஒரு பாட்டு பத்து நிமிஷமா? ‘சந்தேஸே ஆத்தே ஹை’ங்கிறதுக்கு அப்படி என்ன பேரு?

ஆமாம், ஏறக்குறைய பத்து நிமிடம். சோனு நிகம், ரூப்குமார் ராத்தோர் பாடியது. பாட்டின் முக்கால்வாசி நடப்பது ஒன்றுமே இல்லை: போஸ்ட்டுக்குத் தபால் வருகிறது, ஜவான்கள் கடிதம் வாங்குகிறார்கள். ஒருவன் கூட்டத்தில் நின்று படிக்கிறான், ஒருவன் தனியாக மணல்மேட்டில் போய் உட்கார்கிறான். எப்போது வருவாய் என்று எல்லாக் கடிதத்திலும் ஒரே கேள்வி. அந்த வருடங்களில் வெளியூரில் வேலை பார்த்த யாருக்கும், இன்லண்ட் லெட்டரின் மடிப்பைக் கிழிக்காமல் பிரிக்கத் தெரிந்த எவருக்கும், இந்தப் பாட்டு தங்களுக்காக எழுதியது மாதிரித்தான் இருந்தது.

கடைசிப் பகுதியில் அவர்கள் கடந்துபோகும் காற்றைக் கூப்பிட்டு, என் ஊருக்குப் போ, நண்பர்களுக்கு வணக்கம் சொல், அம்மாவின் காலைத் தொடு என்று சேதி சொல்லி அனுப்புவார்கள். நம்மூர்த் தூது இலக்கியம்தான், பட்டாளத்து உடையில். ஜாவேத் அக்தருக்கு இந்தப் பாட்டுக்காகத் தேசிய விருது கிடைத்தது.

நம்ம ஹரிஹரன் இந்தப் படத்துல பாடினாருன்னு சொல்றாங்களே, எந்தப் பாட்டு?

படம் முடியும்போது வருகிற ‘மேரே துஷ்மன் மேரே பாய்’. என் எதிரியே, என் சகோதரனே என்று தொடங்கும். அதற்காக அவருக்குச் சிறந்த பின்னணிப் பாடகருக்கான தேசிய விருது கிடைத்தது. தமிழில் அவருடைய முதல் சினிமாப் பாட்டு 1992-இல் ‘ரோஜா’வில் வந்த ‘தமிழா தமிழா’. அதுவும் தேசப்பற்றுப் பாட்டுதான் என்பது தற்செயல்.

தேசிய விருது எல்லாம் சரி, இது பாகிஸ்தானைத் திட்டுற படம்தானே?

திட்டு நிறைய இருக்கிறது. எதிர்ப்பக்கத்து அதிகாரிகள் கொக்கரிப்பார்கள், பிறகு வாங்கிக்கட்டிக்கொள்வார்கள். நம் பக்கத்து ஆட்களுக்கு அம்மா, மனைவி, வயல் எல்லாம் இருக்கின்றன. அவர்களுக்கு டாங்கி மட்டும்தான் இருக்கிறது. இதை மறைக்கத் தேவையில்லை.

ஆனால் மேலே சொன்ன ஹரிஹரன் பாட்டைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். வெற்றி முழக்கத்தோடு முடித்திருக்க வேண்டிய படம், இரண்டு பக்கத்துப் பிணங்களையும் காட்டி, வயல் எரிகிறதே, இது எதற்கு என்று கேட்டு முடிகிறது. இரண்டரை மணி நேரம் நாடியைத் துடிக்கவைத்துவிட்டுக் கடைசி ஐந்து நிமிடத்தில் சமாதானம் பேசுவது ஏமாற்று வேலை என்று ஒரு நண்பர் வாதாடுவார். எனக்கு அப்படிப் படவில்லை. டிவியில் பல நேரம் இந்தப் பாட்டு வரும்போது எழுத்தை ஓடவிட்டு வெட்டிவிடுகிறார்கள். படத்தைப் பற்றித் தப்பான எண்ணம் வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

டைரக்டர் முன்னாடி ராணுவத்துல இருந்தவரா?

அவர் இல்லை, தம்பி தீபக் தத்தா. இந்திய விமானப்படையில் விமானியாக இருந்து 1987-இல் மிக் விமான விபத்தில் இறந்தவர். படம் அவருக்குத்தான் காணிக்கை. ஹண்டர்கள் வரும் காட்சிகளில் இருக்கும் பாசம் அங்கிருந்து வந்திருக்கலாம் என்பது என் ஊகம். தத்தா பிறகு ‘எல்.ஓ.சி. கார்கில்’ (2003), ‘பல்டன்’ (2018) என்று மேலும் இரண்டு போர்ப் படங்கள் எடுத்தார். இரண்டையும் பார்த்துவிட்டேன். ‘பார்டர்’ ஒன்றே போதும்.

டில்லியில தியேட்டர் எரிஞ்சு நிறையப் பேர் செத்தது இந்தப் படம் ஓடும்போதா?

ஆமாம். படம் வெளியான அதே நாள், 1997 ஜூன் 13, தெற்கு டில்லி கிரீன் பார்க்கில் இருந்த உப்ஹார் தியேட்டரில், மதியக் காட்சியில். கீழ்த்தளத்தில் இருந்த மின்சார டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தீ பிடித்து, புகை பால்கனிக்கு ஏறியது. கூடுதலாகப் போட்ட இருக்கைகள் வெளியேறும் வழியை அடைத்திருந்தன. 59 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் மூச்சுத்திணறல்தான். பிள்ளைகளை இழந்த பெற்றோர் பல வருடம் நீதிமன்றத்துக்கு அலைந்தார்கள். படத்தில் நடந்தது எதுவும் இதற்குக் காரணமில்லை. ஆனால் டில்லிக்காரர்கள் பலருக்கு ‘பார்டர்’ என்றால் முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

இந்தி சுத்தமாத் தெரியாது. புரியுமா?

சண்டை புரியும், வீடு புரியாது. பஞ்சாபியும் ராஜஸ்தானியும் கலந்த இந்தி என்பதால் இந்தி தெரிந்தவர்களே சில இடத்தில் தடுமாறுவார்கள். முன்பாதிக்காகவாவது சப்டைட்டில் போட்டுப் பாருங்கள்.

லோங்கேவாலாவுக்குச் சாதாரண ஆளுங்க போகலாமா?

போகலாம். ஜெய்சல்மேரிலிருந்து ராம்கட் வழியாக நூறு கிலோமீட்டருக்கு மேல். காலையில் கிளம்பினால் லோங்கேவாலா, தனோட் இரண்டையும் பார்த்துவிட்டு இரவுக்குள் திரும்பிவிடலாம். நவம்பர் முதல் பிப்ரவரிவரை நல்ல காலம். ரோடு பிரமாதம், கடைகள் அபூர்வம், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டையும் வேண்டும். போர் நினைவிடத்தில் பிடிபட்ட டாங்கிகளை வைத்திருக்கிறார்கள். பதுங்குகுழி வாசலில் குனிந்து வெளியே பார்த்தால் மணல், மணல், மறுபடி மணல். ராத்திரி அங்கே உட்கார்ந்து டாங்கிச் சத்தம் கேட்பது எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் வயிற்றில் இறங்கும்.

‘பார்டர் 2’ இதோட தொடர்ச்சியா?

முதல் படம் வந்து சரியாக 27 வருடம் கழித்து, 2024 ஜூன் 13 அன்று அறிவித்தார்கள். சன்னி தியோல் இருக்கிறார், இயக்கம் அனுராக் சிங். இங்கே நான் எழுதியிருப்பது முதல் படத்துக்கு மட்டும்.

கடைசியா ஒண்ணு: ஜெயிச்சது தரைப்படையா, விமானப்படையா?

ஓய்வுபெற்ற அதிகாரிகள் இருக்கும் இடத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம். திரும்பி வரும்போதும் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்.

டாங்கிகளில் பெரும்பகுதியை அழித்தது ஹண்டர்கள்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் மேலே சொன்ன மணலும் முள்வேலியும் மேட்டின்மேல் இருந்த அந்த 120 பேரும் அவர்களை விடியும்வரை அங்கேயே நிறுத்தி வைத்திராவிட்டால், ஹண்டர்கள் வந்தபோது இலக்கு லோங்கேவாலாவில் இருந்திருக்காது. போஸ்ட்டைத் தாண்டி ஜெய்சல்மேர் ரோட்டில் போய்க்கொண்டிருந்திருக்கும். படம் தரைப்படைக்கு ஒரு ராத்திரி முழுவதையும் கொடுத்துவிட்டு விமானப்படைக்குக் கடைசிச் சில நிமிடங்களை ஒதுக்குவதால், விமானப்படைக்காரர்களுக்கு வருத்தம் இருப்பது நியாயம்தான்.

அந்த வருத்தம் 2008 வாக்கில் வெளியே வெடித்தது. தரையில் அன்று பெரிய சண்டையே நடக்கவில்லை, எல்லாம் விமானங்களின் வேலை என்று ஓய்வுபெற்ற அதிகாரிகள் சிலர் சொன்னார்கள். சாந்த்புரி அப்போது உயிரோடு இருந்தார். அவதூறு வழக்குப் போட்டார். அவர் கேட்ட இழப்பீடு ஒரு ரூபாய்.